பலாபத்வலையில் கொடுத்த பூமுடி

ஹொலண்டில் பிறந்தநாள் கலண்டரைக் கழிவறைக்குள்தான் மாட்டுவார்கள். வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், எதிர்ச் சுவரிலிருந்து அந்த வீட்டுச் சொந்தபந்தம் அத்தனை பேரின் பெயரும் தேதிவாரியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த மரியாதை தெரியாத ஆள் இதைச் செய்தது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேறு எங்கே மாட்டினாலும் பார்க்க மறந்துபோகும், தினமும் தவறாமல் போய் உட்காருகிற இடம் இது ஒன்றுதானே என்று வீட்டுக்காரி விளக்கம் சொன்னாள். இப்போது என் வீட்டுக் கலண்டரும் அங்கேதான் தொங்குகிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் மட்டும் கழற்றி அலுமாரிக்குள் ஒளித்துவைப்பேன்.

பிறந்தநாள் அன்று நடப்பது இன்னும் விசித்திரம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே வருகிறவர் பிறந்தநாள்காரருக்குக் கைகொடுப்பதோடு நிற்கமாட்டார். வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து ‘கெஃபெலிசிடேர்ட்’ என்பார். வாழ்த்துகள் என்று அர்த்தம். உங்கள் மகளுக்காக வாழ்த்துகள் என்று தாய்க்கு, உங்கள் அக்காவுக்காக என்று தம்பிக்கு, உங்கள் சிநேகிதிக்காக என்று என்னைப் போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கும்கூட. நான் இலங்கையில் மாத்தளைக்குக் கிட்ட, உக்குவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். என்னைப் பெற்றதற்காக என் அம்மாவுக்கு யாரும் கைகொடுத்ததில்லை. மூன்றாவதும் பெண்ணா என்று சூள்கொட்டிவிட்டுப் போனார்களாம். என் அடையாள அட்டையில் இருக்கும் தேதிகூட தோட்டத்துக் கிளாக்கர் தன் வசதிக்கு எழுதியது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மாசமும் நட்சத்திரமும்தான்.

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். மார்லேன் அதே இல்லத்தில் விழுந்து எழுந்த வயோதிபர்களுக்கு நடக்கப் பழக்குகிறவள். என் நிறம், என் உயரம், தோளைத் தாண்டி இறங்கும் அடர்த்தியான சுருட்டை முடி. எங்களை அக்கா தங்கை என்று நினைத்த கிழவர்கள் உண்டு. ஆனால் அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. மிளகாய் நாக்கில் பட்டால் மூக்கு ஒழுகும். இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஒரு டச்சுத் தம்பதிக்குத் தத்துப் போனவள் அவள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, ‘நீ மாத்தளைக்காரிதானே?’ என்று கேட்டாள். தத்துப் பத்திரத்தில் இருந்த தாயின் பெயரை வைத்து, கொழும்பில் இப்படித் தேடிக்கொடுக்கிற ஒருவர் அந்தத் தாயைக் கண்டுபிடித்துவிட்டாராம். மாத்தளையை அடுத்த பலாபத்வலையில் இருக்கிறாளாம். தமிழ் பேசுகிறாளாம். மொழிபெயர்க்க நான் வர முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போது நான் அடுக்கி வைத்த தட்டுகளையே எடுத்துத் திரும்ப அடுக்கினாள். அதைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாயிடமிருந்து ஒரு நிபந்தனை வந்தது. வீட்டுக்கு வரக்கூடாது. அவர் பெயர் புஷ்பம். கணவர் இறந்துவிட்டார். ரமேஷ் என்று ஒரே மகன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மாத்தளையிலிருந்து நாலந்தா போகிற பாதை நெடுக, வெள்ளைக்காரர்களுக்கு ஏலமும் கறுவாவும் காட்டுகிற வாசனைத் தோட்டங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு தோட்டத்தில் ரமேஷ் வழிகாட்டி. அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. சுற்றிப் பார்க்க வரும் பெண்களைப் பின்பக்கக் கொட்டிலில் உட்காரவைத்து, மூலிகை எண்ணெயைத் தலைக்குத் தேய்த்துக் காட்டவேண்டும். அங்கே சுற்றுலாக்காரி மாதிரி வந்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று புஷ்பம் சொல்லியனுப்பியிருந்தார்.

போகும்போது விமானத்தில் எனக்கு ஒரு பழைய காட்சி திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் லயத்தில் ஒரு அக்கா கொழும்புக்குப் பங்களா வேலைக்குப் போய், ஒரு வருஷம் கழித்து மெலிந்து திரும்பி வந்தார். வயிற்றில் கட்டி, ஒப்பரேஷன் செய்தார்கள் என்றார்கள். அவர் பீலிக்கரையில், தண்ணீர் விழுகிற இடத்தில், உடம்பு கழுவியபோது நான் பார்த்தேன். மார்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, அதற்குள் மல்லிகைப்பூவைத் திணித்து வைத்திருந்தார். பூவைத் தலையில் வைக்காமல் ஏன் அங்கே வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். பளாரென்று ஒரு அறை விழுந்தது. பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவார்கள் என்பது நானே பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது. லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கே புரிந்திருக்கும். யாரும் அந்த அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது இரக்கமா, கல்மனசா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

தோட்டத்து வாசலில் எங்களை வரவேற்றவன் ரமேஷ்தான். சிரித்த முகம், நல்ல இங்கிலீஷ். ‘வெல்கம் மேடம்’ என்று மார்லேனுக்கு ஒரு கோப்பை மூலிகைத் தேநீர் கொடுத்தான். என்னிடம், ‘ஆன்ட்டி நம்ம ஊருங்களா? பேச்சப் பாத்தா உக்குவள பக்கம் மாதிரி இருக்கு’ என்றான். சாதிக்காய் ஓட்டைப் பிளந்து சிவப்புச் சாதிபத்திரியைக் காட்டினான். மிளகுக் கொடியை, வனிலாவைக் காட்டினான். மார்லேன் ஒரு செடியையும் பார்க்கவில்லை. தன் தம்பி என்று நினைத்து அவன் காதை, விரலை, அவன் சிரிக்கும்போது தெரிகிற பல்வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசியில் அவன், ‘ஒரு ஹெட் மசாஜ் போட்டுப் பாருங்க மேடம், ஃப்ரீ’ என்று சொல்லிவிட்டு, ‘அம்மா, கஸ்டமர்’ என்று கூப்பிட்டான்.

கொட்டிலுக்குள் ஓலைத்தட்டி மறைப்பு. புஷ்பம் அக்கா சின்ன உருவம், நரைத்த கொண்டை, கையில் எண்ணெய்ப் போத்தல். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. தட்டிக்கு அந்தப்பக்கம் மகன் நின்றான். அவர் மார்லேனை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சந்தலையில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மார்லேன் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்ல விரல்கள் முடிக்குள் இறங்கின. நாளெல்லாம் யார் யாருக்கோ தேய்த்துவிடுகிற கை, இப்போது பழகாத கை மாதிரித் தடுமாறியது.

‘பொறந்தப்பவே தல நெறைய முடிங்க, தங்கச்சி’ என்று அவர் என்னிடம் கிசுகிசுத்தார். ‘ஒரே ஒரு தரம்தான் காட்டுனாங்க. மொகங்கூட சரியா பாக்கல. முடியத்தான் பாத்தேன்.’

நான் அதை டச்சில் சொன்னேன். மார்லேனின் தோள்கள் குலுங்கின. சத்தம் வராமல் அழ அவள் எங்கே பழகினாளோ. இவர்கள் தாயும் மகளும்தான் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனாலும் மார்லேன் தன் பையிலிருந்து அந்தப் பஞ்சுக் குச்சியை எடுத்தாள். கன்னத்துக்குள் தேய்த்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்புகிற குச்சி. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய அந்தக் காலத்தில் ஒருத்தியின் பிள்ளைக்கு இன்னொருத்தியைத் தாய் என்று கையெழுத்து வைக்கச் செய்த கதைகள் இங்கே தத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். உறவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்றேன். புஷ்பம் அக்கா கோபப்படவில்லை. குஞ்சு வாய் திறப்பது மாதிரி அண்ணாந்து வாயைத் திறந்தார். குச்சி உறைக்குள் போனதும், ‘நானும் ஒண்ணு கேக்கலாங்களா?’ என்றார். ‘அந்தப் புள்ள முடி கொஞ்சம் வேணும்.’

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மார்லேன் தலையாட்டினாள். இவரும் பரிசோதிக்க விரும்புகிறார், நியாயம்தானே என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. வெடுக் வெடுக்கென்று மூன்று முடியைப் பிடுங்கினாள். நுனியில் வெள்ளையாக வேர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை அழுத்தி மூடி, இரண்டு கையாலும் நீட்டினாள். ‘வேர் இருந்தால்தான் பரிசோதனைக்கு ஆகும் என்று சொல்’ என்றாள்.

புஷ்பம் அக்கா பையை வாங்கவில்லை. ‘ஏங்க இந்தப் புள்ள முடியப் புடுங்குது? வலிக்காதா?’ என்று பதறி, பிடுங்கிய இடத்தை விரலால் நீவிவிட்டார். பிறகுதான் சொன்னார். ‘புள்ள வயித்துல இருக்கயில கொழும்புல ஒரு வீட்டுல எங்கள அடச்சு வச்சிருந்தாங்க. எம் மாதிரி நெறைய பொம்பளப் புள்ளைங்க. கேக்க நாதியில்ல. மாத்தள அம்மன்கிட்டத்தான் கேட்டேன். புள்ள கொறையில்லாம பொறந்தா மொத முடி ஒனக்குத்தான்னு நேந்துக்கிட்டேன். கொறையில்லாமத்தான் பொறந்துச்சு. முடி குடுக்கத்தான் புள்ள கையில இல்ல. ஊருக்கு வந்து, செத்தே பொறந்துச்சுன்னு எங்கக்காகிட்ட சொன்னேன். மனுசருக்கு அப்பிடிச் சொல்லலாம். அம்மனுக்குச் சொல்ல முடியுமாங்க?’

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும், மகனுக்குக் காய்ச்சல் வந்தாலும் கணவர் விழுந்தாலும், அந்த நேர்த்தி தீராமல் நிற்பதால்தான் என்று அவருக்குள் ஒரு பயம். ஒவ்வொரு வருஷமும் அம்மன் கோவில் தேருக்குப் போவார். பிள்ளைகளை மடியில் வைத்து மொட்டை அடிக்கிற பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். இதையெல்லாம் நான் டச்சில் சொல்லத் திணறினேன். அந்த மொழியில் நேர்த்திக்கடனுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. கோவிலுக்குக் கொடுத்த வாக்கு, கொடுக்காவிட்டால் கடனாக நிற்கும் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். மார்லேன் சட்டென்று நிமிர்ந்து, ‘மொட்டை அடிக்கவேண்டுமா? அடிக்கலாம்’ என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் தமிழில் சொன்னதும் புஷ்பம் அக்கா முதல்தடவையாகச் சிரித்தார். ‘ஐயையோ வேணாங்க. மொட்டத் தலையோட வெளிய போனா, என்ன எண்ணெய்ம்மா தேச்சீங்கன்னு எம் மகன் கேப்பான். பொம்பளப் புள்ளைக்குப் பூமுடி போதும்.’

பூமுடி என்றால் மொட்டைக்குப் பதிலாக மூன்று பிடி நுனிமுடியை வெட்டிக் கொடுப்பது. மார்லேனின் பயணப் பையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. புஷ்பம் அக்கா அதை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். ‘மொத முடிக்குத் தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும். மாமனுக்கு எங்க போறது? நீங்க தோளப் புடிச்சிக்கங்க, தங்கச்சி’ என்றார். நான் மாமனாக நின்று பிடித்துக்கொண்டேன். எண்ணெயில் நனைந்த முடி மூன்றுமுறை நறுக்கென்றது. தட்டிக்கு வெளியே ரமேஷ் அடுத்த கூட்டத்துக்கு வனிலாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். புஷ்பம் அக்கா வெட்டிய முடியைக் கண்ணில் ஒற்றி, முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகினார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. சுமையை இறக்கி வைத்த பெண்களின் முகம் எனக்குத் தெரியும், கொழுந்துக் கூடையை இறக்குகிற இடத்தில் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான்.

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது ரமேஷும் கூடவே நின்றான். வேறு வழியில்லை. புஷ்பம் அக்கா எல்லா வெள்ளைக்காரர்களுக்கும் சொல்வதை, மகன் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியத்தை, கைகூப்பிச் சொன்னார்: ‘தேங்க்யூ மேடம். கம் எகேன்.’ என் உதவி இல்லாமல் அவரிடமிருந்து மார்லேனுக்கு நேரே போய்ச் சேர்ந்த ஒரே பேச்சு அதுதான்.

சில வாரங்கள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. மார்லேன் சமையலறைக்குள் வந்து, சாதாரணமான முகத்தோடுதான் சொன்னாள். ‘அவர் என் அம்மா இல்லை.’ அதற்குப் பிறகு காய்கறி கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்திரத்தில் இருந்த பெயரும் தேதியும் புஷ்பம் அக்காவுடையவை, உண்மையானவை. அந்தத் தேதியில் அவர் பெற்றது உண்மை. ஆனால் அந்த வீட்டில் அடைத்து வைத்திருந்த பெண்களில் எவளுடைய பிள்ளையையோ எவளுடைய பத்திரத்தோடோ சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவசரத்தில் மாறியதா, வேண்டுமென்று மாற்றினார்களா, யாருக்குத் தெரியும்? இதைச் செய்தவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அவரிடம் சொல்லவேண்டாம் என்பதுதான் என் கட்சி. நம் ஆட்களுக்குக் கெட்ட செய்தியை மூடி வைப்பது ஒரு வகைப் பாசம். கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கிறவரைப் போய் எதற்காகக் கிளறவேண்டும் என்று கேட்டேன். மார்லேனுக்குக் கோபம் வந்தது. ‘நாற்பது வருஷமாக எனக்குப் பொய் சொன்னார்கள். நானும் அவருக்குப் பொய் சொல்லவா? அவருடைய பிள்ளை எங்கோ இருந்து தேடிக்கொண்டிருந்தால்? பிள்ளை கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அவர் தேடமாட்டாரே’ என்றாள். இந்த ஊர்க்காரர்களின் முகத்துக்கு நேரே பேசும் பழக்கம் எனக்கு எத்தனையோ முறை எரிச்சலூட்டியிருக்கிறது. அன்றைக்கு என் வாயை அடைத்தது.

ரமேஷ் இல்லாத நேரம் பார்த்து அழைத்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ‘அப்ப எம் புள்ள எங்கங்க?’ என்றார். பக்கத்தில் இருந்த மார்லேன் என் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயில் எடுத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்திருப்பார்கள், தேடுகிற மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று ஏதேதோ சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ‘இந்தப் புள்ள முடிய அம்மனுக்குக் குடுத்துட்டேனே’ என்றார். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ‘சரி விடுங்க. இவளப் பெத்தவளும் எங்கயாச்சும் நேந்திருப்பா இல்ல? அவளுக்குத் தீந்துச்சுன்னு வச்சுக்குவோம். எனக்கு அப்பிடியேதான் நிக்குது’ என்றார்.

அதன் பிறகு மார்லேனின் பிறந்தநாள் வந்தது. அது தன் பிறந்தநாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கொண்டாடப் போகிறாயா என்று கேட்டதற்கு, ‘வேறு தேதி என்னிடம் இல்லையே’ என்றாள். வழக்கம்போல நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. அவளை வளர்த்த அம்மா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், மனமொப்பித்தான் அந்தத் தாய் பிள்ளையைக் கொடுத்தாள் என்று இத்தனை வருஷம் நம்பியவர். அடுத்த வீட்டுக்காரர் குனிந்து, ‘உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்’ என்று கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ‘எனக்கு வேண்டாம். இந்தத் தேதி அந்த அம்மாவுடையது. அவளுக்குச் சொல்லுங்கள்’ என்று என் பக்கம் திரும்பினார். மார்லேன் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.

நான் அழைத்தேன். புஷ்பம் அக்கா எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் நீட்டினேன். அத்தனை பேரும் ஒரே குரலில் ‘கெஃபெலிசிடேர்ட்’ என்றார்கள். வளர்த்த அம்மாவின் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தித் தனியாகக் கேட்டது.

‘என்னங்க சத்தம்? என்ன சொல்றாங்க?’

‘இங்க பொறந்தநாளுக்குப் பெத்தவங்களுக்குத்தான் மொதல்ல வாழ்த்துச் சொல்லுவாங்க அக்கா. இன்னைக்கு நீங்க புள்ள பெத்த நாள். அதுக்குத்தான் சொல்றாங்க.’

தொலைவில் யாரோ உரலில் இடிக்கிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கிட்டத்தில் ரமேஷின் குரல்: ‘யாரும்மா போன்ல? ஏன் அழுவுறீங்க?’

‘ஒண்ணுமில்லடா. மொளகாத் தூள் கண்ணுல பட்டுருச்சு. போன்ல யாரோ தெரியாதவங்க, நம்பர் மாறி எடுத்துட்டாங்க.’

தொடர்பு அறுந்தது. வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். என்ன சொன்னார் என்று வளர்த்த அம்மா கேட்டார். ‘நன்றி சொன்னார்’ என்று மொழிபெயர்த்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். மார்லேன் மட்டும் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்துவிட்டு, கேக்கை வெட்டப் போனாள். அடுத்த வீட்டுக்காரர் மறுபடி எழுந்து, விட்ட இடத்திலிருந்து வட்டத்தைச் சுற்றி வந்தார். என் முறை வந்ததும், ‘உங்களுக்கும் வாழ்த்துகள்’ என்று கையை நீட்டினார். நான் வலது கையைக் கொடுத்தேன். மாத்தளைக் குரல் கேட்ட போனை இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.